படகுக்கு ஒரு பெயர்

நகரசபை புதுப் படகு ஒன்று வாங்கியிருந்தது,
தீவுகளுக்குப் பால், தபால், சில சமயம் ஒரு டிராக்டர் ஏற்றிப் போக.
அதற்குச் செத்துப்போன நாவலாசிரியர் பெயர் வைக்க வேண்டுமாம்.
ஐந்து பேர் குழு. வாசா நகர நூலகம், மூன்றாம் மாடி.
நவம்பர். நான்கு மணிக்கே இருட்டு.

தட்டில் ஏலக்காய் ரொட்டி.
அதற்கே இந்த ஊரில் இரண்டு பெயர்.
எந்தப் பெயரில் கேட்கிறீர்கள் என்பதை வைத்தே
உங்கள் ஓட்டை எண்ணிவிடலாம்.

ஃபின்னிஷில் எழுதியவர் தாவெத்தி லுஹ்தாலா.
பதினொரு நாவல்: சதுப்பு நிலம், கடன், மௌனம்.
ஸ்வீடிஷில் எழுதியவள் யோர்டிஸ் பேக்லுண்ட்.
நாலே நாவல்: கடல், கடன், ஓயாத பேச்சு.

பொர்யே மீன் மொத்த வியாபாரி.
சால்மனைக் கையில் ஏந்தியே கிராம் சொல்வார்.
லுஹ்தாலாவை ஏந்திப் பார்த்து, "கனமில்லை" என்றார்.
எத்தனை பக்கம் படித்தீர்கள்?
"நாற்பது. பரீட்சைக்கு."

மருந்துக்கடை ரெய்யோ கண்ணாடியைத் துடைத்தபடி,
"பேக்லுண்ட் எழுதியது மாளிகை ஜன்னலில் தெரிந்த ஊர்" என்றார்.
உப்புக் கிடங்கில் கணக்கெழுதியவள் அவள் என்றேன்.
"ஸ்வீடிஷில்தானே எழுதினாள்?" என்றார்,
கிடங்குக்கும் ஜன்னல் உண்டு என்பதுபோல.

துறைமுகப் பொறியாளர் கேட்டது ஒன்றே:
"யார் பெயரில் எழுத்து குறைவு?"

எமிரா இருபத்தாறு வயதில் இங்கே வந்து
இரண்டு மொழியையும் இரவுப் பள்ளியில் கற்றவள்.
இருவரையும் மூலத்தில் முழுக்கப் படித்தவள் அவள் ஒருத்திதான்.
ஞானம் வரப்போகிறது என்று எல்லோரும் திரும்பினோம்.
"இரண்டிலும் சாவு வீடு ஜாஸ்தி," என்றாள்.
"எனக்குத் துப்பறியும் கதைதான் பிடிக்கும்."
பெயர் சொல்லாமல் விரல் நீட்டி
இன்னொரு ரொட்டி எடுத்துக்கொண்டாள்.

நான் நடுநிலை. அப்படித்தான் என்னைச் சேர்த்தார்கள்.
வீட்டில் ஸ்வீடிஷ். ஆனாலும் லுஹ்தாலா பக்கம்.
பத்தொன்பது வயதில் அவர் வரி ஒன்றை நோட்டில் எழுதிவைத்தேன்:
வானம் தன் அடுப்புச் சாம்பலை எல்லாம்
தூங்கும் ஊரின்மேல் சத்தமின்றி உதறியது.
அந்த வரிக்காகவே அவரை மேதை என்று
முப்பது வருஷம் என் மொழிக்காரர்களோடு சண்டை போட்டேன்.
அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மேற்கோள் காட்டலாம் என்று அன்றிரவு மூலத்தை எடுத்தேன்.
வானம் இல்லை. அடுப்பு இல்லை.
இரண்டே சொல்.
பனி பெய்தது.

பக்கம் மாறிவிட்டதோ என்று முன்னும் பின்னும் தேடினேன்.
முன்வரியில் குதிரையை விற்றார்கள்.
பின்வரியில் ஒருத்தி கதவைச் சாத்தினாள்.
நடுவில் பனி பெய்தது, அவ்வளவுதான்.

என் பழைய பிரதியில், தலைப்புப் பக்கத்தின் முதுகில்,
அச்சக முகவரிக்கும் கீழே, எறும்பு எழுத்தில்:
ஸ்வீடிஷில் எடித் சுண்ட்மன்.
சுங்க அலுவலகத்தில் எழுத்தர் என்றது பழைய ஊழியர் பட்டியல்.
சொந்தமாக எதுவும் எழுதியதாகத் தெரியவில்லை.
சாம்பலைத் தவிர.

மறுநாள் முழுக்கக் கோபம். யார்மேல் என்று தெரியவில்லை.
லுஹ்தாலா ஏமாற்றவில்லை. அவள்தான் ஏமாற்றினாளா?
அகராதியோடு தத்தித் தத்தி அந்தப் பக்கத்துக்கே போனேன்.
குதிரை விற்ற காசு மேஜைமேல் கிடக்கிறது.
யாரும் எண்ணவில்லை.
பனி பெய்தது.
நாலாம் தடவை படித்தபோது எழுந்து போய்
ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன்.

ஓட்டுச் சீட்டில் இரண்டு பெயர், இரண்டு கட்டம்.
எனக்கு வேண்டியது இரண்டு பனிக்கும் சேர்த்து ஒரு கட்டம்.
ஓரத்தில் எடித் சுண்ட்மன் என்று எழுதி மடித்தேன்.

லுஹ்தாலாவுக்கு இரண்டு, பேக்லுண்டுக்கு ஒன்று.
செல்லாத ஓட்டு இரண்டு. மற்றது வெறும் வெள்ளைத் தாள்.
ரெய்யோ இலக்கியம் ஜெயித்தது என்றார்.
ஓர் எழுத்து மிச்சம் என்றார் பொறியாளர்.

மே மாதம் கடல் உருகிப் படகு கிளம்பியது.
பொர்யேயின் மீன்பெட்டிகளும் அதில்தான்.
பக்கவாட்டில் லுஹ்தாலா, ஆளுயர வெள்ளை எழுத்து.
அதற்கும் கீழே, தண்ணீர் நனைக்கும் இடத்தில்,
பெயின்ட் அடித்தவன் பெயர், பொடி எழுத்தில்.
அதைத்தான் முதலில் படித்தேன்.